மார்ச், செந்தூல்

மார்ச் 4, புதன்
டாக்டரிடமிருந்து அழைப்பு வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஈமேக்ஸ் என்கிற உரைத்திருத்தி மென்பொருளின் குறிப்பை எடுத்தேன், வெட்டி ஒட்டும் பகுதி. யாரோ பழைய பதிப்புக்கு எழுதி வைத்தது. வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டுவதற்காக வைத்திருக்கும் பட்டியலான கில் ரிங்கில் 60 துண்டுகள் தங்கும் என்கிறது. 29ஆம் பதிப்பிலிருந்து 120. மாற்றியாயிற்று. எல்லாமே எண்ணை மாற்றுகிற வேலையாக இருந்தால் சுகம்.

மார்ச் 5, வியாழன்
அம்மா கஞ்சி மட்டும் குடித்தார்.

மார்ச் 7, சனி
அழிப்பதையும் வெட்டுவதையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். கண்ட்ரோல்-டி ஓர் எழுத்தை அழிக்கும், கில் ரிங்குக்கு அனுப்பாது. மெட்டா-டி (மெட்டா என்றால் பெரும்பாலும் ஆல்ட் விசை) ஒரு சொல்லையே வெட்டும், அது உள்ளே போய்விடும். சரி. ஆனால் ஐந்து முறை என்று சொல்ல கண்ட்ரோல்-யூ, 5 கொடுத்துவிட்டு கண்ட்ரோல்-டி அழுத்தினால் அந்த ஐந்து எழுத்தும் கில் ரிங்கில் சேர்ந்துவிடும்! ஓர் எழுத்து போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம், கொத்தாகப் போனால்தான் வைத்திருக்க வேண்டும் என்கிற கணக்கு. நியாயமான கணக்குதான், புதிதாக வருகிறவருக்கு ஒரு வரியில் சொல்ல வரவில்லை. தனியே அழித்த எழுத்தையும் அன்டூ மீட்டுத் தரும், அதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர் பயந்துபோவார்.

அண்ணன் ஈப்போவிலிருந்து கூப்பிட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?" நேற்றும் இதே கேள்வி. "சொன்னா உங்களுக்குத்தாண்ணே முதல்ல சொல்வேன்" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்
போன் அடித்தது. பதறி எடுத்தால் காப்புறுதி விற்கிறவர்.

வரியின் மிச்சத்தை வெட்டும் கண்ட்ரோல்-கேயை அடுத்தடுத்து அழுத்தினால் வெட்டியதெல்லாம் ஒரே துண்டாகச் சேரும். நடுவில் கர்சரை நகர்த்திவிட்டால் அடுத்தது புதுத் துண்டு. பழைய குறிப்பில் இது இல்லவே இல்லை. எப்படி விட்டார்கள்?

மார்ச் 11, புதன்
ரமலான் பஸாரில் அப்பம் பாலிக் வாங்கி வந்தேன். அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார், "இனிப்பு ஜாஸ்தி" என்று குறையும் சொன்னார். குறை சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெட்டா-ஒய், இப்போது ஒட்டியதை எடுத்துவிட்டு முந்தைய துண்டை ஒட்டும். எதையும் ஒட்டாமலேயே அதை அழுத்தினால் பிழைச் செய்தி வரும் என்ற வரியைத் தூக்கினேன். 28ஆம் பதிப்பு முதல், பழைய துண்டுகளில் எது வேண்டும் என்று மினிபஃபரில், அதாவது திரையின் அடியில் உள்ள வரியில், கேட்கிறது.

மார்ச் 12, வியாழன்
இல்லை.

மார்ச் 13, வெள்ளி
திங்கள் காலை 9 மணிக்கு நேரில் வர வேண்டுமாம். போனில் சொல்ல மாட்டார்களாம். நல்ல சேதியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்கள் என்கிறார் அண்ணன். எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறேன் நான்.

வாசிக்க மட்டும் விடுகிற பஃபரில் (ஈமேக்ஸில் எழுத்து திறந்திருக்கும் இடம்) தேர்ந்த பகுதியை வெட்டும் கண்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் எழுத்து அப்படியே இருக்கும், நகல் மட்டும் கில் ரிங்கில் சேரும், கூடவே பிழைச் செய்தியும் வரும். இதற்குத் தனிப் பத்தி வேண்டும். பாதி எழுதியிருக்கிறேன், அம்மா கூப்பிடுகிறார்