பாட்டிக்கு இன்னும் காய்ச்சல்தான்

ஆகஸ்ட் 9, ரந்தேபாவோ

மக்காசரில் ஏறிய இரவுப் பேருந்து விடிகிற நேரத்தில் இறக்கிவிட்டது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தோராஜா மக்கள் வாழும் இந்த மலைப்பக்கம் ஆகஸ்டில் நல்ல குளிர். தங்கியிருக்கும் வீட்டை ஒட்டியே குடும்பத்தின் பழைய தொங்கொனான், அதாவது பரம்பரை மரவீடு, நிற்கிறது. கூரையின் இரண்டு முனையும் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கின்றன. முன்தூணில் எருமைக் கொம்புகளைக் கீழிருந்து வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் இந்த வீட்டுச் சாவுச் சடங்குகளில் வெட்டியவை. எண்ணினேன், 17 ஜோடி. மேலே இன்னும் இடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10

இன்று போரி காலிம்புவாங், இறந்தவர்கள் நினைவாக நட்ட நெடுங்கற்கள் நிற்கும் இடம். இந்தக் கற்களைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், வந்தது வீண்போகவில்லை. புல்வெளியில் 102 நெடுங்கற்கள்: 24 பெரியவை, 24 நடுத்தரம், 54 சிறியவை. சிம்புவாங் என்கிறார்கள். பெரிய கல் ஒன்றில் கையை வைத்தேன், உளி கொத்திய குழிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பாசி, வெயில் ஏறியும் கல் சில்லென்று இருந்தது. அடியில் யாரையும் புதைக்கவில்லை, புதைப்பதெல்லாம் பாறையைக் குடைந்த அறைகளில். உயர்குடியில் ஒருவருக்குக் குறைந்தது 24 எருமை வெட்டி ரம்பு சோலோ என்ற சாவுச் சடங்கை முழுசாக முடித்திருந்தால்தான் அவர் பேரில் இங்கே கல் நடுவார்கள். முதல் கல் நட்டது 1717இல் என்கிறார்கள்.

உயரமான கல் என்றால் பெரிய ஆள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன், கூட வந்த வழிகாட்டி உடனே மறுத்துவிட்டார். சின்னதோ பெரியதோ, வழக்கப்படி எல்லாக் கல்லுக்கும் மதிப்பு ஒன்றுதான். அந்தக் காலத்தில் எந்தக் கல் கிடைத்தது, எவ்வளவு பெரிதை இழுத்து வர முடிந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். அப்புறம் திரும்பிப் போய் சின்னக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் அவற்றைத் தாண்டி நடந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 11

லெமோ. செங்குத்தான பாறையில் மாடம் வெட்டி, இறந்தவர்களைப் போலப் பலாமரத்தில் செய்த தாவ்தாவ் உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள், எல்லாம் கையை நீட்டியபடி. பழையவை நிறையத் திருடுபோய் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. முன்னோரின் முகத்தைப் பெயர்த்து எடுத்துப்போய் வரவேற்பறையில் வைப்பவரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆகஸ்ட் 12

சாயங்காலம் வீட்டு அக்கா, "அம்மாவைப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். அவர் அம்மா மூச்சு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனால் இங்கே அவரை இறந்தவர் என்று யாரும் சொல்வதில்லை, தோ மகுலா என்கிறார்கள், காய்ச்சலில் கிடப்பவர் என்று அர்த்தம். பெருந்துணியில் சுற்றிக் கிழக்கு மேற்காகக் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் ஒரு காபி டம்ளர், ஆவி பறந்துகொண்டிருந்தது. சடங்கு தொடங்கும் நாளில்தான் உடலைத் தெற்கு வடக்காகத் திருப்புவார்களாம், அதற்கப்புறம்தான் அவர் இறந்தவர். "அம்மா, விருந்தாளி வந்திருக்கிறாங்க" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். நானும் "தாபே" என்று அனுமதி கேட்டு உட்கார்ந்தேன்.

குடும்பமே கிறிஸ்தவர்கள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். இருந்தும் எருமைக்கும் பன்றிக்கும் பணம் சேர்த்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேரும்வரை அம்மாவைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 13

கல் நடுவீர்களா என்று கேட்டேன். "கல் எங்களுக்கு உரியது இல்லை" என்றார் அக்கா. தூணில் மேலே இருக்கும் காலி இடத்தைக் காட்டினார்.

நாளைக் காலை பேருந்து. கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ என்றிருக்கிறார். நம் ஊரில் சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவோம், எனக்கு நாக்கு எழவில்லை. இது இன்னும் சாவு வீடு இல்லையே. போய்விட்டு வருகிறேன் பாட்டி என்று தமிழிலேயே சொல்லப்போகிறேன்.