பனி இறங்கும் மலையில் சோலார் பம்ப்

கொடைக்கானலை ஒட்டிய மேல்பழனி மலையில் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிறைந்து ஓடும். வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். மாசி, பங்குனியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஊற்று நூலாக இளைத்திருக்கும். கவுஞ்சி, மன்னவனூர், கூக்கால் பக்கம் பள்ளத்து ஊற்றிலிருந்து மேட்டுக் குடியிருப்புக்கு சோலார் பம்ப் வைக்க நினைப்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் சிக்கல் வேறு. 2,245 மெகாவாட் பத்லா சோலார் பூங்காவில் வெயிலுக்குக் குறைவில்லை. பேனலில் படியும் புழுதியைக் கழுவத்தான் தண்ணீர் கிடையாது. அதனால் ஈரமே இல்லாமல் துடைக்கும் இயந்திரங்களை ஓடவிடுகிறார்கள். நமக்கு அந்த வேலையை மழையே செய்துவிடும். ஆனால் ஒரு ஆபத்து இரண்டு இடத்துக்கும் பொது: கரன்ட் பில் வராத பம்ப்பை யாரும் நிறுத்துவதில்லை. அங்கே நிலத்தடி நீர் இறங்கும், இங்கே ஊற்று வற்றும்.

ஆகவே பம்ப் விலை கேட்பதற்கு முன் ஊற்றை அளந்துவிடுங்கள். பங்குனிக் கடைசியில், மழை பெய்து பத்து நாளாவது ஆன பிறகு, 20 லிட்டர் வாளியை வைத்து நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். 100 நொடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர், நாளைக்கு 17,280 லிட்டர். இதில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே காட்டுமாடும் கடமானும் குடிக்கும் ஓடை அதுதான். அந்தப் பாதியை ஆள் வைத்துக் காக்க வேண்டியதில்லை. ஊற்றுப் பெட்டியின் சுவரில் ஒரே மட்டத்தில், ஒரே அளவில் இரண்டு குழாய் பதியுங்கள். ஒன்று தொட்டிக்கு, ஒன்று ஓடைக்கு. ஊற்று குறைந்தாலும் பங்கு மாறாது. மட்டம் ஒரு விரல் பிசகினாலும் ஒரு பக்கம் அதிகமாகப் போகும், எனவே ரசமட்டம் வைத்துப் பதியுங்கள்.

பாதி என்றால் நாளைக்கு 8,640 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர். 140 பேர் உள்ள குடியிருப்புக்கு 7,700 லிட்டர் போதும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். ஊற்று 24 மணி நேரமும் சுரக்கிறது, பம்ப்போ ஐந்தரை மணி நேரம்தான் ஓடும். 7,700 லிட்டரை அதற்குள் ஏற்ற மணிக்கு 1,400 லிட்டர் இழுக்க வேண்டும். நம் பங்காக ஊறுவதோ மணிக்கு 360 லிட்டர். கீழே தொட்டி கட்டாமல் ஊற்றுக் குழியிலேயே பம்ப்பை இறக்கினால் சில நிமிடத்தில் குழி காலி. பம்ப் காற்றை இழுத்து, வறண்டு ஓடி, சூடேறிப் போகும். மீதி பதினெட்டரை மணி நேரம் ஊறுவதைப் பிடித்துவைக்க ஏறக்குறைய 7,000 லிட்டர் கீழ்த்தொட்டி அவசியம். பணம் பற்றாவிட்டால் பேனலில் ஒன்றைக் குறையுங்கள், இந்தத் தொட்டியைக் குறைக்காதீர்கள்.

உயரம் 65 மீட்டர், குழாய் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. ஹெச்டிபிஇ (கனமான பிளாஸ்டிக்) குழாயில் உராய்வு இழப்பு சுமார் 2 மீட்டர், 32 மி.மீ. போட்டால் ஐந்தரை. வளைவு, வால்வு எல்லாம் சேர்த்து 70 மீட்டர் என்று கொண்டால், 7,700 லிட்டரை ஏற்ற சுத்தமாகத் தேவைப்படுவது ஒன்றரை யூனிட். மோட்டார், பம்ப் இழப்புகள் போக 40 சதவீதம்தான் தண்ணீருக்குச் சேரும் என்று எடுத்தால் 3.7 யூனிட். 540 வாட் பேனல் மூன்று போட்டால் தெளிந்த நாளில் 6 யூனிட் கிடைக்கும். பனி இறங்கும் நாளில் அது கால்வாசியாகிவிடும்.

அந்தக் கால்வாசியிலும் தண்ணீர் ஏறுமா என்பது பம்ப்பின் வகையைப் பொறுத்தது. விசிறி சுழன்று தண்ணீரைத் தள்ளும் சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் வேகம் 70 சதவீதமாகக் குறைந்தால் தள்ளும் உயரம் பாதியாகிவிடும். மோட்டார் சுற்றும், மேலே ஒரு சொட்டு வராது. ஹெலிகல் ரோட்டார் என்கிற ஸ்க்ரூ பம்ப் மெதுவாகச் சுற்றினாலும் அந்த அளவுக்குத் தண்ணீரை மேலேற்றிக்கொண்டே இருக்கும். மூட்டமான நாளிலும் 3,000 லிட்டர் சேரும். மலைக்கு இதுதான் சரி. அதன் ஸ்க்ரூ சுற்றும் ரப்பர் உறைக்கு, அதாவது ஸ்டேட்டருக்கு, மணல் ஆகாது. கீழ்த்தொட்டிக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டி, பம்ப்பைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி வையுங்கள்.

பேனலைத் தெற்கே திருப்பு என்பார்கள். நம் பக்கம் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மேகம். அதனால் தென்கிழக்காகத் திருப்புவது நல்லது. சாய்வு 15 டிகிரி. அதற்கும் தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். தைல மரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த வரிசையும் பாதிக்கும்.

குழாயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்; காட்டுமாடு மிதித்தால் மேலே கிடக்கும் குழாய் தாங்காது. 70 மீட்டர் என்றால் 7 பார் அழுத்தம், எனவே 10 பார் தாங்கும் பிஎன் 10 ரகம் வேண்டும். பம்ப்பை ஒட்டி, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கட்டும். சித்திரை இடிக்கு, பேனல் கரன்ட்டைப் பம்ப்புக்கு ஏற்றபடி கொடுக்கும் கன்ட்ரோலர்தான் முதல் பலி. எர்த்திங்கும், மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் இல்லாமல் இணைக்கவே கூடாது. இரண்டு தொட்டியிலும் ஃப்ளோட் ஸ்விட்ச் போடுங்கள்: மேலே நிரம்பினாலும் கீழே காலியானாலும் பம்ப் நிற்க வேண்டும். அந்த மேல்தொட்டியிலிருந்து பூண்டு, கேரட் வயலுக்கு ஓஸ் இழுக்க ஒருவரை அனுமதித்தாலும் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

மூட்ட மாதங்களுக்காகப் பேனலை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. அப்போதுதான் மழை இருக்கிறதே. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 20 மி.மீ. மழை விழுந்தால் 800 லிட்டராவது பிடிக்கலாம். வீட்டுக்கு ஒரு 1,000 லிட்டர் தொட்டியும் முதல் மழையை வெளியேற்ற ஒரு டீ குழாயும் போதும்.

ஊற்று காட்டுக்குள் இருந்தால் வேலை தொடங்கும் முன் கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடத்தில் குடிநீர்க் குழாய்க்கும் மரபுசாரா எரிசக்திக்கும் இடம் தருகிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

பிறகு, மேல்தொட்டி பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். தெளிந்த நாளில் தொட்டி நிரம்பிய நேரத்தை மட்டும் எழுதினால் போதும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறதென்றால் முதலில் பேனலைத் துடையுங்கள், அடுத்து குழாயில் கசிவு பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்டேட்டர் தேய்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.