நீலத்துக்கும் பச்சைக்கும் அருகே: ஆகஸ்ட் குறிப்புகள்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

கதிரியக்கவியல் மேற்படிப்பில் இந்த மாதம் எனக்குத் தரப்பட்ட வேலை, ஒற்றைத் தலைவலிக்காரர்களின் பழைய எம்.ஆர்.ஐ. படங்களில் மூளையின் கழிவகற்றும் பாதையை அளந்து பழகுவது. மூளைத் தண்டுவடத் திரவம் தமனிகளைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே உள்ளே இறங்கி, திசுக்களிடையே பரவி, கழிவைச் சுமந்துகொண்டு சிரைகளை ஒட்டி வெளியேறுகிறது என்று 2012-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டு விவரித்து, அதற்குக் கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயரிட்டார்கள். மனிதரில் இதை நேராகக் காண, நார்வேயின் ஆஸ்லோவில் எய்டே, ரிங்ஸ்டாட் என்ற மருத்துவர்கள் முதுகுத்தண்டு வழியாக, படத்தில் பளிச்செனத் தெரியும் கேடோலினிய மருந்தைச் செலுத்தி, மறுநாள் வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். முதுகில் போடும் அந்த ஊசியே பலருக்குத் தலைவலியைக் கிளப்பிவிடும் என்பதால், தலைவலி என்று வருகிறவரிடம் அதை எப்படிக் கேட்பது?

14 ஆகஸ்ட், புதன்

ஊசி வேண்டாத வழியை 2017-இல் ஜப்பானின் நகோயாவில் தாவோகா குழுவினர் முன்வைத்தார்கள். அதன் பெயர் அல்ப்ஸ் எண். மூளையின் திரவ அறையான பக்கவாட்டு வென்ட்ரிக்கிளின் உடல்பகுதி தெரியும் தளத்தில் சிறு சிரைகள் இடவலமாக ஓடுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, மேல்கீழாக ஓடும் நரம்பு நார்கள், நீர் அசையும் திசையை நிறமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வண்ணப்படத்தில் நீலமாகவும், அதற்கு வெளியே முன்பின்னாக ஓடும் நார்கள் பச்சையாகவும் தெரிகின்றன. இரண்டிலும் ஒவ்வொரு சிறு வட்டம் வரைந்து, சிரையின் திசையில் நீர் அசையும் அளவை, சிரைக்கும் நாருக்கும் குறுக்கான திசையில் அசையும் அளவால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் 1-ஐ ஒட்டி நின்றால் சிரையோரத்தில் தனிப்பட்ட அசைவு இல்லை என்று கொள்கிறார்கள். இன்று என் பச்சை வட்டம் ஓரிரு புள்ளி வெளியே நழுவி, இடவலமாக ஓடும் நார்களின் சிவப்பைத் தொட்டுவிட்டது, எண் வேறாகிப்போனது. நோயாளியின் தலையில் எதுவும் மாறவில்லை, மாறியது என் சுட்டியின் இடம்தான்.

17 ஆகஸ்ட், சனி

காலையில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் எழுத்து மறைந்தது. பிறகு அதைச் சுற்றிக் கோட்டை மதிலைப் போன்ற வளைவு மின்னத் தொடங்கி, இருபது நிமிடத்தில் பார்வையின் ஓரம்வரை நகர்ந்து போனது. ஆரா எனப்படும் இதற்கு அடிப்படையாகக் கருதப்படுவது, 1944-இல் லியாவோ என்ற ஆய்வாளர் முயலின் மூளையில் கண்ட அடங்கல் அலை, அதாவது நரம்புச் செயல்பாட்டை அடக்கிக்கொண்டே பரவும் அலை. அது மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே ஊர்கிறது. 2017-இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில், இந்த அலை கடந்ததும் இரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளி சில நிமிடங்கள் மூடிக்கொண்டு, அரை மணி நேரத்தில் மெல்லத் திறந்தது. வலி தணிந்து, இருட்டறையிலிருந்து எழுந்த பிறகுதான் உறைத்தது: நான் அளக்கும் படங்களில், கடைசித் தாக்குதல் எப்போது வந்தது என்ற குறிப்பே இல்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

வெளிவந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2022-இல் ஒரு குழு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அல்ப்ஸ் எண்ணில் வேறுபாடு காணவில்லை; 2023-இல் இன்னொரு குழு, நாள்பட்ட வகையில், அதாவது மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களில், எண் கூடியிருப்பதாகச் சொன்னது. 7 டெஸ்லா என்ற மிக வலிய காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. கருவியில் எடுத்த படங்களில், ஆரா இல்லாமல் விட்டுவிட்டு வரும் வகையிலும் நாள்பட்ட வகையிலும் இரத்தக்குழாயோர இடைவெளிகள் விரிந்திருந்ததாக 2022-இல் தெற்கு கலிபோர்னியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அதில் இருந்தவர்கள் மொத்தம் 25 பேர். விரிந்த இடைவெளி வாய்க்கால் அடைபட்டதால் வந்ததா, கூடுதலாக ஓடியதால் வந்ததா என்பதைப் படம் சொல்லாது.

இந்தக் கோப்பில் எல்லோருக்கும் ‘ஒற்றைத் தலைவலி’ என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது. அட்டவணையின் தலைப்பில் நானே இட்டிருந்த ‘கழிவகற்றும் திறன்’ என்பதை அடித்துவிட்டு ‘அல்ப்ஸ் எண்’ என்று எழுதினேன். பக்கத்தில் மூன்று நெடுவரிசைகளைக் கூட்டினேன்: ஆரா உண்டா, மாதத்தில் எத்தனை நாள், கடைசித் தாக்குதலிலிருந்து எத்தனை மணி நேரம். மூன்றும் இப்போதைக்குக் காலியாகவே இருக்கின்றன.