வடலியைச் செதுக்குதல்

பனை வரையாத ஓவியரை யாழ்ப்பாணத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பல படங்களில் ஒரு நேர்கோடும் உச்சியில் நாலு விசிறியும்தான் பனை. லினோ அச்சுக்கு, அதாவது லினோ தகட்டில் படத்தைச் செதுக்கி மை உருட்டித் தாளில் எடுக்கும் அச்சுக்கு, செதுக்கத் தொடங்கிய பிறகு எனக்கு அது போதவில்லை. பென்சில் என்றால் தெரியாத இடத்தை நிழல் போட்டு ஒப்பேற்றலாம். உளியிடம் அது நடக்காது. வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு.

எனக்குப் பெரிய பனையை விட வடலி என்கிற இளம்பனைதான் விருப்பம். முதிர்ந்த பனையில் மட்டைகள் உதிர்ந்து, வளைய வளையமாகத் தழும்பு மட்டுமே மிஞ்சும். வடலியில் மரமே தெரியாது. காய்ந்த மட்டைகளின் அடி இரண்டாகப் பிளந்து, தண்டைக் கவ்வியபடி குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். எது எதற்கு மேலே வருகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். மட்டையின் இரு ஓரமும் கருக்கு. அந்தப் பற்களை மிகச் சிறிய உளியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும்.

லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்த தகடு. குளிர்நாட்டில் விறைத்துவிடும் என்று சூடாக்கி வெட்டுவார்கள். இங்கே முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே உளி தடையில்லாமல் ஓடும். அதே வெயிலில் தண்ணீர் மை உருட்டி முடிக்க முன்னமே காய்ந்துவிடும், அதனால் எண்ணெய் மைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் லேசில் காயாது, தாளும் நெளியும். ஆகவே மாரியில் செதுக்குவேன், தை பிறந்த பிறகு அச்சிடுவேன். அச்சு இயந்திரம் இல்லை. தாளை மேலே வைத்து மர அகப்பையின் முதுகால் தேய்ப்பேன்.

வருமானம் சிறுவர் புத்தகப் படங்களாலும் வாழ்த்து அட்டைகளாலும்தான். பிரிண்டரில் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தாளை என் முன்னாலேயே தேய்த்துப் பார்க்கக் கொடுப்பேன். பிறகு விலை பேசமாட்டார்கள்.

முன்பு பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழில் செய்த ஐயா ஒருவர் ஒருநாள் என் அச்சொன்றை நெடுநேரம் பார்த்தார். விரல் விரலாக நீண்டிருந்த பாளையைத் தொட்டுக் காட்டி, "உது ஆண்பனை எல்லே? பெண்பனையையும் செய்யும், பிள்ளை. நுங்கு காய்க்கட்டும்" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அவர் கேட்ட பெண்பனைதான் இப்போது மேசையில் கிடக்கிறது. குலையில் காய்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால், எந்தக் காயின் தொப்பியைக் கறுப்பாக விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.