எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் உடம்பு முழுக்க வலி: என் ஃபைப்ரோமயால்ஜியா அனுபவம்

இரண்டரை வருட அலைச்சலுக்குப் பிறகு, போன ஆவணியில்தான் எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீண்ட நாள் வலியும் களைப்பும் தரும் நோய்) என்று ஒரு டாக்டர் சொன்னார். வலிக்கு ஒரு பேர் கிடைத்த நிம்மதியில் அங்கேயே அழுதுவிட்டேன்.

கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். எம்.ஆர்.ஐ., தைராய்டு, ஈ.எஸ்.ஆர்., ஆர்.ஏ. ஃபேக்டர் (உடம்பில் அழற்சி, மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்டுகள்), எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "ஒண்ணும் இல்ல சார், மேடத்தை டென்ஷன் ஆகாம இருக்கச் சொல்லுங்க" என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த நோய் ரத்தத்திலும் ஸ்கேனிலும் தெரியாது, அந்த டெஸ்ட்டெல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

வாதநோய் நிபுணரை, அதாவது மூட்டு, தசை வலிகளைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னது என் நாத்தனார். முதல் தடவை போனது வீண். விடியற்காலை பஸ் பிடித்துப் போய் ஓ.பி. சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, "அந்த டாக்டர் வியாழக்கிழமைதாம்மா" என்றார்கள். எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வியாழக்கிழமை அந்த டாக்டர் என் ரிப்போர்ட் பையைப் பிறகுதான் திறந்தார். முதலில், பட்டியலில் இருந்த 19 இடங்களில் எங்கெல்லாம் வலி என்று குறிக்கச் சொன்னார், நான் 13 குறித்தேன். தூக்கம், களைப்பு, மறதி, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார் (இதை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போனால் பாதி மறந்துவிடும்). அப்புறம் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து, தன் நகம் வெளுக்கிற அளவுக்குத்தான் அழுத்தினார், துள்ளிவிட்டேன். "ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி உங்கள் நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுகிறது, வலி நிஜம்தான்" என்று என் வீட்டுக்காரரையும் பார்த்துச் சொன்னார்.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. (குறைந்த அளவில் வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மாத்திரை) கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வாய் வறட்சி, காலையில் மந்தம், பிறகு தூக்கம் சரியானது. அதுவரை நானாகக் கடையில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம், இந்த வலிக்கு அவை பெரிதாகக் கேட்பதில்லை. முக்கிய மருந்தே உடற்பயிற்சிதான் என்றார். நான் ஆர்வத்தில் முதல் நாளே 40 நிமிடம் நடந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும்.

இப்போது 25 நிமிடம் நடக்கிறேன். வலி போய்விடவில்லை, ஆனால் போன வாரம் ஈரத்துணி வாளியை நானே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், வீட்டுக்காரர் "குடு, குடு" என்று பின்னாலேயே வந்தார், நான் கொடுக்கவில்லை.