உத்தரவாதம் பல்லுக்கல்ல, வேலைக்கு

இலங்கையில் பல் வேலைக்குச் சட்டப்படி உத்தரவாதம் வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் அது பல்லுக்கு அல்ல, பல்லில் செய்த வேலைக்கு. இதைப் பிரிக்காமல் சட்டம் போட்டால் பாதி உடைந்த பல்லைக் காப்பாற்ற எந்த வைத்தியரும் துணிய மாட்டார். பிடுங்கிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பாகிவிடும்.

ஜெர்மனியில் பொதுக் காப்புறுதியின் கீழ் செய்யும் அடைப்புக்கும் செயற்கைப் பல்லுக்கும் வைத்தியர் 2 வருடம் பொறுப்பு. இங்கிலாந்தின் அரச சேவையில் அடைப்போ கிரவுனோ (பல்லின்மேல் மாட்டும் உறை) 12 மாதத்துக்குள் பழுதானால் காசில்லாமல் திரும்பச் செய்து தரவேண்டும். அடிபட்டு உடைந்தாலும், இடையில் வேறொருவர் அந்தப் பல்லில் கைவைத்தாலும், தற்காலிக வேலை என்று முதலிலேயே சொல்லியிருந்தாலும் அந்த உத்தரவாதம் செல்லாது. நமக்கும் இந்த 12 மாதம் போதும்.

ஏனென்றால் கைவேலையின் பிழை பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்துவிடும். கழன்ற கிரவுனை எறியாமல் எடுத்துப் பாருங்கள். ஒட்டிய சீமெந்து முழுக்கக் கிரவுனுக்குள் இருக்க, அடிப்பல் (கிரவுனுக்குள் இருந்த சொந்தப் பல்) கட்டையாக, மேல்நோக்கிக் கூம்பியிருந்தால், கிரவுன் மாட்டப் பல்லைச் செதுக்கியதில்தான் சிக்கல். கடைவாய்ப் பல்லில் செதுக்கியபின் சுமார் 4 மில்லிமீற்றர் உயரமாவது நிற்கவேண்டும், இல்லையென்றால் திரும்பத் திரும்ப ஒட்டியும் பலனில்லை. உள்ளே கபில நிறத்தில் மெத்தென்று, நாற்றத்தோடு இருந்தால் சூத்தை புகுந்திருக்கிறது. சில மாதத்திலேயே அப்படியென்றால், பழைய சூத்தை முழுதாக எடுபடவில்லை அல்லது விளிம்பு பொருந்தவில்லை என்றே முதலில் சந்தேகிக்கவேண்டும். பல வருடம் கழித்தென்றால் துலக்குவதையும் வெற்றிலையையும் விசாரிக்கவேண்டும்.

வெள்ளை அடைப்பும் கைவேலையைப் பொறுத்ததுதான். 2 மில்லிமீற்றர் படலமாக வைத்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 20 வினாடி ஒளிகாட்டி இறுக்கவேண்டும். இடையில் எச்சில் பட்டால் ஒட்டு பிடிக்காது.

சிர்கோனியா (பீங்கான் போன்ற உறுதியான வெள்ளைப் பொருள்) கிரவுனோடு வரும் 10, 15 வருட உத்தரவாத அட்டையை நம்பி ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் உடைந்த கிரவுனுக்குப் பதில் கிரவுன் தரும், அவ்வளவுதான். வைத்தியரின் கூலியும் அடிப்பல்லின் சூத்தையும் அதில் அடங்காது.

வேர் சிகிச்சை 'பலிக்கும்' என்று உத்தரவாதம் கேட்பது நியாயமில்லை. மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாய் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஆனால் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியும், உள்ளே ஊசி முறிந்தால் அன்றே சொல்வதும் கட்டாயமாகவேண்டும். பொய்ப்பல் வேறு கதை. பல் பிடுங்கிய முதல் ஆறு மாதத்தில் எலும்பு வேகமாகக் கரைவதால் அது தளர்வது இயற்கை. அடிப்பகுதியை நிரப்பித் திருத்தும் செலவை முன்கூட்டியே எழுதித் தந்தால் சண்டை வராது.

திருகோணமலையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பவர் மாலையில் தனியார் கிளினிக்கில் பார்ப்பார், இடமாற்றம் வந்தால் போய்விடுவார். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ கழன்ற கிரவுனோடு வருபவர் யாரிடம் கேட்பது? அதனால் பொறுப்பு வைத்தியர்மேல் மட்டும் அல்ல, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின் கீழ் பதிவாகவேண்டிய கிளினிக்மேலும் விழவேண்டும்.

இப்படியொரு உத்தரவாதச் சட்டம் வரும்வரை, காசு கட்டுமுன் பற்றுச்சீட்டில் இவற்றை எழுதி வாங்குங்கள்: பல்லின் இலக்கம் (கீழ் இடது முதல் பெரிய கடைவாய்ப் பல் என்றால் 36), பொருளின் பெயர், கிரவுன் செய்த ஆய்வுகூடம், ஒட்டிய திகதி, கழன்றால் எத்தனை மாதம்வரை இலவசம் என்பது, கிளினிக்கின் முத்திரை.