சாருக்கு எப்படித் திருத்தம் அனுப்புவது?

சமீபத்தில் ஒரு பேராசிரியரின் கட்டுரையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். மறுநாள் போன். "தம்பி, நான் சர்வீஸ்ல சேர்ந்தப்ப நீங்க ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க." பொய்யில்லை. ஒன்றாவதோ இரண்டாவதோ.

எங்கள் ஆய்விதழை நடத்துவது முழுக்க ஸ்காலர்களும், பிஎச்.டி முடித்துவிட்டு கெஸ்ட் லெக்சரராக அலைகிறவர்களும்தான். நாட்டார் வழக்காறும் வட்டார வரலாறும் எங்கள் களம். ஆபீஸ் கிடையாது, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீக்கடை, ஒரு வாட்ஸ்அப் குரூப். ஓ.ஜே.எஸ் என்ற இலவச மென்பொருளில் இதழ் ஓடுகிறது. கட்டுரையாளரிடம் காசு வாங்குவதில்லை.

கட்டுரையாளரின் பெயரை மறைத்துத்தான், துறை தெரிந்த வேறொருவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில் வழக்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? முதல் பக்கத்திலேயே ஆள் தெரிந்துவிடும். போதாததற்கு, "எனது முந்தைய நூலில் நிறுவியபடி" என்று அடிக்குறிப்பு வேறு.

சாருடைய கட்டுரையைப் படித்தவள் இரண்டாம் வருட ஸ்காலர். பாடலைச் சொன்னவர் யார், எந்த ஊர், எந்த வருடம் பதிவு செய்தது என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தாள். அத்தனையும் நியாயமான கேள்விகள். பெரியவர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலும் "பிரசுரிக்கலாம்" என்று ஒரே வரி வரும். அவர்களுக்கு நேரமில்லை, குறை சொல்லவில்லை. இளையவர்கள் வரிவரியாகப் படிக்கிறார்கள். அதே கேள்விகளைத் தங்கள் கைடிடம் நேற்றுத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த மாதிரி இதழ் எதற்கு என்று கேட்டால் அந்த மதிப்பீட்டு அறிக்கைகளைத்தான் காட்டுவேன். அச்சில் வருவதெல்லாம் அப்புறம்.

அந்த அறிக்கையை எழுதியதைவிட, அதோடு அனுப்பும் கடிதத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது. "தாழ்மையுடன்" எத்தனை முறை போடலாம் என்று சண்டையே வந்தது. கடைசியில் சார் திருத்தி அனுப்பினார், பாடகரின் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் வகை அது. பாமினியை இன்று எல்லோரும் பயன்படுத்தும் யுனிகோடாக மாற்றினால் நூற்பட்டியலில் உள்ள ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். ஒவ்வொன்றையும் கையால் சரிசெய்ய வேண்டும். ஆராய்ச்சி இதழ் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம், பாதி வேலை இதுதான்.

மதுரைக்கு இளைஞர்கள் இதழ் நடத்துவது புதிதில்லை. 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது பாண்டித்துரைத் தேவருக்கு வயது 34. அடுத்த வருடம் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் வந்தது. அதன் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார் அவரைவிடவும் இளையவர். அவர்களுக்கு ஜமீன் இருந்தது. எங்களுக்கு டொமைன் புதுப்பிக்கவே வசூல் போட வேண்டியிருக்கிறது.

புதிதாகக் கட்டுரை அனுப்புகிறவர்களின் முதல் கேள்வி இன்னமும் "கேர் லிஸ்ட்ல இருக்கா?" என்பதே. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலாக இருந்தது அது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி 2022-இலேயே எடுத்துவிட்டது. கேர் பட்டியலையும் கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அடுத்த கேள்வி ஐ.எஸ்.எஸ்.என். அது இந்தியாவில் இலவசமாகக் கிடைக்கும் எட்டு இலக்க அடையாள எண், தரச்சான்று அல்ல. அதைப் பெரிய எழுத்தில் போட்டுக் கல்லா கட்டும் இதழ்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் உண்மையான கவலை வேறு. இதழை நடத்துகிறவர்களே ஆய்வை முடித்து வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் இளையவர் ஒருவரைக் கூடவே வைத்துப் பழக்குகிறோம். பாஸ்வேர்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறோம். எங்கள் தொழில்நுட்ப ஆள் அடுத்த மாதம் வைவா (பிஎச்.டி வாய்மொழித் தேர்வு) முடித்துக் கிளம்புகிறான். ஓ.ஜே.எஸ் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள முதல் வருட ஸ்காலர் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். சம்பளம் கிடையாது. டீ உண்டு.